ஆணியில்லாத செருப்பு

போன வாரம் ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். "ஒரு பெண்ணின் கல்யாணக் கதை என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்தேன். மூன்று வாரமாக அவள் அம்மாவின் குதிகாலையே சுற்றிச் சுற்றி வருகிறீர்களே" என்று கேட்டிருந்தார். அந்த அம்மாளுக்குக் குதிகால் வலி வந்ததில்லை என்று தெரிகிறது. வராமலே இருக்கட்டும். ஆனால் ராசாத்தியின் கல்யாணமே அந்தக் குதிகாலில் வந்துதான் நிற்கப் போகிறது. அதனால் இந்த வாரமும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வள்ளிக்கண்ணு, காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் வெள்ளைச்சாமியின் மனைவி. ஸ்ரீரங்கம் கீழ அடையவளஞ்சான் வீதியில் வீடு. ஒரே மகள் ராசாத்தி. இரண்டு வருஷமாக, காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது வள்ளிக்கண்ணுவுக்கு உயிர் போய்த் திரும்பும். குதிகாலில் யாரோ கோணி ஊசியை ஏற்றுவது போலிருக்கும்.

முதலில் மார்க்கெட் வைத்தியர். செங்கல்லைச் சுட்டு, மேலே எருக்கிலை போட்டு மிதிக்கச் சொன்னார். வலி போகவில்லை, தோல்தான் போயிற்று. அடுத்து கன்டோன்மென்ட் டாக்டர். குதிகாலில் ஊசி போட்டார். ஒரு மாதம் நிம்மதி, மறு மாதம் பழையபடி. மூன்றாவது ஊசிக்குப் போனபோது அந்த மனிதர் நியாயமாக ஒரு வார்த்தை சொன்னார்.

"உள்ளங்கால் வளைவு இறங்கிப்போச்சும்மா. இதுக்கு மருந்து ஊசியில இல்ல, செருப்புல இருக்கு. கால் அளவெடுத்து அதுக்குன்னே செருப்பு செய்யுற இடம் எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கத்துல ஒண்ணுதான்."

அவர் எழுதிக்கொடுத்த சீட்டில் இருந்தது, மன்னார்புரம் தாண்டி முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. தொழுநோயைப் பெருவியாதி என்று சொல்லிவிட்டு ஊர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளுமே, அந்த நோயாளிகளுக்காகக் கட்டின ஆஸ்பத்திரி.

"தலையிலேருந்து கால் வரைக்கும் பாக்குற டாக்டர் பத்தாதுன்னு காலுக்கு மட்டும் தனியா ஒரு டாக்டரா?" என்று வெள்ளைச்சாமி முதலில் சிரித்தார். இடத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "வயசுப் பொண்ணை வீட்ல வச்சுக்கிட்டு அந்த வாசல்ல போய் நிக்கப் போறியா?"

புடவை எடுக்கக்கூடப் புருஷனைக் கேட்கிற வள்ளிக்கண்ணு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவரைக் கேட்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டு வேலைக்கு வரும் பொன்னுத்தாயைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கால் டாக்டர் அவளை முற்றத்தில் நாலு தடவை நடக்கவிட்டுப் பார்த்தார். செருப்பு செய்கிற அற்புதசாமி, ஈர மாவில் இரண்டு பாதங்களையும் பதிய வைத்து அச்செடுத்தார். பத்து நாளில் செருப்பு வந்தது. பஞ்சு மாதிரி மெத்தென்ற கறுப்பு ரப்பர். உள்ளங்காலைத் தாங்க ஒரு மேடு. குதிகாலைச் சுற்றிப் பின்வார். ஆணி ஒன்றுகூட இல்லை. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காலில் உணர்ச்சி இருக்காது, ஆணி ஏறினாலும் தெரியாது, அதனால் எங்கள் கூடத்தில் ஆணிக்கே இடமில்லை என்றார் அற்புதசாமி.

"இது உங்க ரெண்டு காலுக்கு மட்டும்தாம்மா. கூடப் பிறந்தவங்க கேட்டாலும் குடுக்காதீங்க. வெறுங்காலோட நடக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயும்தான்."

மூன்றே வாரம். காலையில் எழுந்து அடி வைத்தவள், வலி எங்கே என்று ஒரு நிமிஷம் தேடிப் பார்த்தாள்.

வெள்ளைச்சாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதைத் தெருவில் போடக் கூடாது, யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆகவே ஊரெல்லாம் செருப்பைத் தெருவில் போட்டு வீட்டில் கழற்ற, வள்ளிக்கண்ணு வீட்டில் போட்டுத் தெருவில் கழற்றினாள். அடுப்படி வாசலில் மட்டும் கழற்றிவிட்டுப் போவாள். அந்த நாலடி தூரம் அன்னபூரணிக்கு என்று அவளே சமாதானம் செய்துகொண்டாள்.

இனி தை மாதத்து அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

அன்று வையம்பட்டியிலிருந்து பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளை ரங்கசாமி, பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் கிளார்க். கார்த்திகையிலேயே வந்து பெண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனவன். இப்போது தலையாட்ட வேண்டியது அவனுடைய அத்தை அங்கம்மாள். தாயில்லாப் பிள்ளையை எடுத்து வளர்த்தவள். அந்த வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

காலையிலேயே வெள்ளைச்சாமி ஆரம்பித்துவிட்டார்.

"இன்னைக்கு ஒரு நாளாவது அந்தச் சனியனைக் கழட்டி வை."

"கழட்டிடறேங்க. நீங்க வெத்தலையைப் பாருங்க."

"பெட்டியில வச்சுப் பூட்டிடும்மா" என்றாள் ராசாத்தி.

"நல்லா இருக்குடி. பூ வைக்கிற நாள்ல செருப்பைக் கொண்டுபோய்ப் பட்டுப்புடவையோட வைக்கச் சொல்றியா?"

கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். மேலே சாமி படம் மாட்டியிருக்கிறது. பரணில் வைக்கலாம். தலைக்கு மேலே செருப்பா? நல்ல நாளில் செருப்பு வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று முடிவு செய்து, வள்ளிக்கண்ணு அதைக் கழுவிக் கொல்லையில் காய வைக்கச் சொல்லிப் பொன்னுத்தாயிடம் கொடுத்தாள். பொன்னுத்தாய் தேய்த்துக் கழுவி, துவைக்கிற கல்லின் மேல் வெயில் படும்படி வைத்தாள்.

வீட்டில் எத்தனையோ இடம் இருந்தது. விருந்தாளிகள் சாப்பிட்டுக் கை கழுவ வருகிற ஒரே இடத்தில்தான் அந்த மகராசி அதை வைக்கச் சொன்னாள். யாரைக் குறை சொல்ல? நான் கதை எழுதுகிறவன், எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

வெறுங்காலோடு பத்து மணி வரை நின்றதிலேயே குதிகால் பழைய கணக்கைத் திறந்துவிட்டது. வள்ளிக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு கேசரி கிளறினாள்.

ராகுகாலம் கழித்துப் பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். ஏழெட்டுப் பேர். அங்கம்மாள் வெள்ளை ரவிக்கையும் அரக்குப் புடவையுமாக, கூடத்தில் நடுவே உட்கார்ந்தாள். குறை சொல்ல வந்தவள் மாதிரி இல்லை. ராசாத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கன்னத்தைத் தடவினாள். "எங்க பையனுக்குக் குடுத்து வச்சிருக்கு" என்றாள். ரங்கசாமி தலையைக் குனிந்துகொண்டு கேசரியை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். வெள்ளைச்சாமிக்கு மீசை தானாக மேலே ஏறியது.

"பூவை எடுத்துக்கலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கையெல்லாம் நெய்யா இருக்கு, கழுவிட்டு வந்துடறேன்" என்று அங்கம்மாள் எழுந்து கொல்லைக்குப் போனாள்.

போனவள் வரவில்லை. செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தமும் கேட்கவில்லை.

"கொஞ்சம் இங்க வாங்க" என்று குரல் மட்டும் வந்தது.

வள்ளிக்கண்ணுவும் வெள்ளைச்சாமியும் ஓடினார்கள். பின்னாலேயே ராசாத்தி. அங்கம்மாளின் கையில் செருப்பு. அதைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தடவினாள். பிறகு பின்வாரின் உள்மடிப்பைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்தாள். அங்கே சிவப்பு நூலில் தைத்த நம்பர் இருந்தது. அறுபத்து மூணு என்று வருஷம், பக்கத்தில் இருநூற்றுப் பதினாலு.

"ஆணி இல்ல. நம்பர் இருக்கு. இது பெருவியாதி ஆஸ்பத்திரியில குடுக்குறது. இந்த வீட்ல யாரோடது?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது.

வள்ளிக்கண்ணு வாயைத் திறந்தாள். இரண்டு வார்த்தை போதும். என்னோடதுதான், குதிகால் வலிக்குச் செய்தது, வேண்டுமானால் டாக்டர் சீட்டைக் காட்டுகிறேன். அவ்வளவுதான். ஆனால் அதற்குள் வெள்ளைச்சாமி முந்திக்கொண்டார்.

"வேலைக்காரம்மாவோடதுங்க."

கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பொன்னுத்தாய் நிமிர்ந்தாள். புளியும் சாம்பலுமாகக் கை அப்படியே நின்றது. அவள் வெள்ளைச்சாமியைப் பார்க்கவில்லை. வள்ளிக்கண்ணுவைப் பார்த்தாள். பதினாறு வருஷமாக இந்த வீட்டில் பெருக்கித் துடைத்தவள், ராசாத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மா மண்டபத்துக்கு ஆற்றைக் காட்டப் போனவள். இந்தத் தெருவில் இன்னும் மூன்று வீட்டில் வேலை செய்கிறவள்.

வள்ளிக்கண்ணு திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள் பொன்னுத்தாய். "என்னோடதுதான்."

"போட்டுக் காட்டு."

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அங்கம்மாள் செருப்பைக் கீழே போட்டாள். பொன்னுத்தாய் கையைக் கழுவிக்கொண்டு வந்து காலை நுழைத்தாள். அவளுடையது செருப்பையே அறியாத அகலப் பாதம். வள்ளிக்கண்ணுவின் காலுக்கென்று அச்செடுத்த மேடு, அவளுக்குப் பொருந்தாத இடத்தில் போய்க் குத்தியது. பின்வார் ஏறவே இல்லை. குதிகால் ஒரு அங்குலம் வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது. அப்படியே கிணற்றடி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை.

கண்ணிருக்கிற யாருக்கும் தெரியும், அது அவள் செருப்பு இல்லை என்று. அங்கம்மாள் அந்தப் பிதுங்கின குதிகாலை நன்றாகப் பார்த்தாள். வள்ளிக்கண்ணுவின் முகத்தையும் பார்த்தாள். என்ன கணக்குப் போட்டாளோ.

"சரி. இவ இனிமே இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா பூ வைக்கிறோம்."

"இதோ, இன்னையோட நிறுத்தியாச்சுங்க" என்றார் வெள்ளைச்சாமி.

நல்ல நேரம் முடிவதற்குள் பூ வைத்தார்கள். ராசாத்தி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வெட்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். வந்தவர்கள் ஓய்வாகப் பேசிக் காப்பி குடித்து, மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். போகிற போக்கில் அங்கம்மாள், வாசலில் நின்ற அடுத்த வீட்டு தைலம்மையிடம், "நாலு வீட்டுக்கும் பொதுவா வர்ற பொம்பளை, சொல்லாமப் போனா பாவம்" என்று ஆரம்பித்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். புண்ணியவதி.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று மனைவியின் காதில் சொல்லிவிட்டு, வெள்ளைச்சாமி சம்பந்தி வீட்டாரை பஸ் ஏற்றிவிடப் போனார். அவர் சொன்ன தலைப்பாகை, தெருக்குழாய் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, கொல்லைப்படியில் உட்கார்ந்து, பெருவிரல் ஓரத்தில் உரிந்த தோலை எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

வள்ளிக்கண்ணு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் கோணி ஊசி.

"பொன்னுத்தாயி."

"உக்காருங்கம்மா. நிக்காதீங்க, கால் வலிக்கும்."

இதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். வள்ளிக்கண்ணுவுக்கு அழுகை வந்தது.

"கல்யாணம் முடியட்டும். ரெண்டே மாசம். நானே வந்து உன்னைக் கூட்டிட்டு வரேன்."

"ரெண்டு மாசத்துல நாலு வீடும் போயிருக்கும்மா. தைலம்மை வீட்ல இப்பவே நாளையிலேருந்து வராதேன்னுட்டாங்க. குழாயடியில என் குடத்தைக் காலால தள்ளி ஓரமா வச்சிருக்காங்க, பாத்துட்டுத்தான் வந்தேன்."

"நான் என்னடி செய்வேன்? பொண்ணு வாழ்க்கை."

"நான் ஒண்ணும் கேக்கலையே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இது புதுசா?"

பொன்னுத்தாய் எழுந்து, செருப்பு இரண்டையும் பழைய பேப்பரில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அதை எங்க எடுத்துட்டுப் போறே?"

"ஊருக்கு முன்னாடி என்னோடதுன்னு சொல்லியாச்சு. இங்க கிடந்தா நாளைக்கு யாருதுன்னு கேப்பாங்க. நீங்க மறுபடி போட்டுக்கிட்டாலும் தெரிஞ்சுபோகும். இனிமே அந்த ஆஸ்பத்திரிப் பக்கமும் நீங்க போக முடியாதும்மா. கொண்டுபோய்க் கொள்ளிடத்துல போட்டுடறேன்."

வள்ளிக்கண்ணு அப்போதுதான் அதை யோசித்தாள். இனி வேறு ஜோடி கிடையாது. நாளைக் காலை பாயை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடி அவளுக்கு இப்போதே வலித்தது.

படி இறங்கப் போன பொன்னுத்தாய் நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் பின்வார் மடிப்புல நம்பர் இருக்குன்னு உங்களுக்கே அற்புதசாமி காட்டினப்புறம்தான் தெரிஞ்சுது. அந்தம்மா யாரையும் கேக்காம நேரா மடிப்பைப் பிரிச்சாங்களே, எப்படி?"

பொன்னுத்தாயே பதிலையும் சொன்னாள்.

"அவங்க வீட்லயும் இதே மாதிரி ஒரு ஜோடி கிடக்கும்மா. யாரையோ உள்ள வச்சு மறைச்சிருக்காங்க. என் காலுக்குப் பொருந்தலைன்னு அவங்களுக்குத் தெரியாதா? தெரியும். நம்மளை மாதிரி பொய் சொல்ற வீடு கிடைச்சா நல்லதுன்னு பூ வச்சுட்டாங்க. நல்ல சம்பந்தம்தான். வரேம்மா."

அவள் சந்து வழியாகத் தெருவுக்குப் போய்விட்டாள். வள்ளிக்கண்ணு திரும்பினால், அடுப்படி வாசலில் ராசாத்தி.

"எவ்வளவு நேரமா நிக்கிறே?"

"எல்லாம் கேட்டேன். அம்மா, அது யாரு செருப்பு?"

"உனக்குத் தெரியாதாடி?"

"எனக்குத் தெரியும். நீ உன் வாயால சொல்லு."

நோய் ஒரு குற்றமில்லை, அதற்கு இப்போது மாத்திரை இருக்கிறது, தொடர்ந்து சாப்பிட்டால் குணமாகிவிடும் என்று அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் அமலராணி சொன்னதை, இதே வள்ளிக்கண்ணு வீட்டில் வந்து மகளிடம் பெருமையாகச் சொன்னவள்தான். இன்றைக்கு "என்னோடது" என்ற ஒரு வார்த்தை வரவில்லை.

"எல்லாம் உனக்காகத்தான்."

"எனக்காகன்னு சொல்லாதே. நான் கேக்கல. அவங்க வீட்ல யாருக்கு உடம்பு சரியில்லைன்னாலும் நான் போய்ப் பாத்துப்பேன். ஆனா அந்த வீட்ல வாயை மூடிக்கிட்டு இருக்கணும். அதுக்குத்தானே என்னைக் கேக்குறாங்க? நீ இன்னைக்கு மூடின மாதிரி."

ராசாத்தி வாசல் பக்கம் நடந்தாள். "அவங்க பஸ் நாலு மணிக்குத்தான்" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

வள்ளிக்கண்ணுவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஓடினாள். ஓடினாள் என்று எழுதுகிறேனே தவிர, சிமெண்டுத் தரையில் வெறும் குதிகால் நாலு தரம் பட்டதும் சுவரில் சாய்ந்துவிட்டாள். நேற்று வரைக்கும் அந்தக் கால் மகளைத் துரத்திப் பிடித்திருக்கும். நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, தெருக்கோடியில் பொன்னுத்தாய் தாங்கித் தாங்கிப் போய்க்கொண்டிருந்தாள். ராசாத்தி தலையில் வைத்த பூவோடு தெருவில் ஓடினாள். அவளை எட்டிப் பிடித்து, கக்கத்திலிருந்த பேப்பர் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள். பொன்னுத்தாய் தடுக்கப் பார்த்தாள். ராசாத்தி விடவில்லை. பஸ் நிற்கிற பக்கம் திரும்பினாள்.

"ராசாத்தீ!"

அடுத்த வீட்டு வாசலில் தைலம்மை, குழாயடிக்குக் கிளம்பினவள், குடத்தோடு நின்றுவிட்டாள்.

"என்ன வள்ளிக்கண்ணு, பூ வச்ச பொண்ணு இப்படித் தெருவுல ஓடுது? அந்தப் பொம்பளைகிட்டேருந்து எதைப் பிடுங்கிட்டுப் போகுது? தொடலாமா அதை? உனக்கென்ன, கால் நல்லாயிடுச்சுன்னு சொன்னியே, மறுபடியும் நொண்டுறே?"

வள்ளிக்கண்ணு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அடக்கின வலி, முழங்கால் தாண்டி, இடுப்பு தாண்டி, தொண்டைக்கு வந்திருந்தது.

"என் செருப்பு, அக்கா" என்றாள். "என் செருப்பைத்தான் எடுத்துட்டுப் போறா."

தைலம்மை குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"எந்தச் செருப்பு?" என்றாள்.